தூக்குக்குண்டு தேர்ந்தெடுத்த கோச்

செவ்வாய், வெள்ளிகளில் கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் இடம் பிடிப்பது, கிருத்திகை அன்று திருத்தணி மலையடிவாரத்தில் விட்ட செருப்பைத் திரும்பக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். "குண்டுச் சாமி எல்லாம் எறங்கு!" என்றுதான் கத்துகிறார். இறங்குகிறார்கள். சோளிங்கரிலிருந்து வந்தவர்கள் தமிழில் இறங்குகிறார்கள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வந்தவர்கள் தெலுங்கில் இறங்குகிறார்கள். இரண்டு பாஷையிலும் ஏமாறத் தெரிந்த மக்கள் எங்கள் எல்லைப் பக்கத்து மக்கள்.

டீக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் குண்டுச் சாமி. ஆள் அகத்திக்கீரைத் தண்டு மாதிரி ஒல்லி. குண்டு அவர் கையில் தொங்குகிறது. சிவப்புக் கயிற்றின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. அதன் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் மேல் மறுபடியும் சந்தனம். யார் தலைக்கு மேலாவது அதைப் பிடித்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது சுற்றும். வலப்பக்கம் சுற்றினால் ராசி. இடப்பக்கம் சுற்றினால் தோஷம். சுற்றாமல் நின்றால் தட்டில் இன்னும் காணிக்கை விழவில்லை என்று பொருள்.

பொதிகை மலையில் ஒரு சித்தர் கொடுத்த குண்டு என்பது சாமியின் வாக்கு. சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார் தொங்கவிட்டுப் பார்ப்பாரே தூக்குக்குண்டு, சாட்சாத் அதேதான் என்பது என் வாக்கு. சாமி சாமியாவதற்கு முன்னால் அவருக்குத் தேசப்பன் என்று பெயர். அரக்கோணத்தில் ஒரு கட்டட வேலையில் கலவை போட்டுக்கொண்டிருந்தார். அங்கே சித்தர் யாரும் கூலிக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

பெண்ணுக்கு மாப்பிள்ளை, ஆட்டோவுக்கு நம்பர், போர் போட இடம், பையனுக்குக் காலேஜ், எல்லாவற்றையும் குண்டு சொல்லும். குவைத்தில் டிரைவராக இருக்கும் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் பார்த்தே தோஷம் கண்டுபிடித்தது. கே.ஜி.கண்டிகையில் இருக்கும் சாமி போனுக்கு முன்னால் குண்டைத் தொங்கவிட்டார். குவைத்தில் இருந்தவன் தலையை நீட்டினான். குண்டு இடப்பக்கம் சுற்றியது. அந்த வீடியோவைப் பார்க்காத போன் இந்தத் தாலுகாவில் கிடையாது.

"சக்திக்கு ஏது நைனா தூரம்?" என்றார் சாமி அதில். "கடல் இன்னா, மலை இன்னா, எல்லாத்தையும் தொளைச்சுகினு போயி உண்மையச் சொல்லும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த வாக்கியத்தை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சேலை வரப் போகிறது.

இனி நம் துளசிங்கத்திடம் வருவோம். அம்மையார்குப்பத்தில் பவர்லூம் வைத்துச் சேலை நெய்து விற்பவர். நல்ல மனிதர். பணம் வந்தது. பணம் வந்தால் ஆசை வரும். சிலருக்கு எம்.எல்.ஏ. ஆசை வரும், சிலருக்கு சினிமா எடுக்கும் ஆசை வரும். துளசிங்கத்துக்கு பேஸ்கட்பால் ஆசை வந்தது. எப்படி வந்தது என்று அவர் மனைவி வள்ளியம்மாளுக்கே தெரியாது. "டி.வி.ல ரிமோட்டு சிக்கிக்கிச்சு, அன்னிலேர்ந்து இப்டி" என்பார் அந்த அம்மாள்.

வட எல்லை லீக் என்று பெண்களுக்கு ஒரு பந்தயம் நடக்கிறது. அரக்கோணம், ராணிப்பேட்டை, சித்தூர் என்று ஊருக்கு ஓர் அணி. ஆடுகிறவர்களுக்கும் சம்பளம், பயிற்சி தருகிறவருக்கும் சம்பளம். துளசிங்கம் திருத்தணி பைபாஸ் ஓரத்தில் இருந்த தன் நூல் கிடங்கைக் காலி செய்து, சிமென்ட் தரை போட்டு, இரண்டு பக்கமும் கூடை மாட்டி, 'தணிகை வேங்கைகள்' என்று போர்டு வைத்தார். கோச்சாகக் கல்பனாவை அழைத்து வந்தார்.

கல்பனா ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்தார். ஊர் ஊராகப் போய் அப்பன்மார்களிடம் கெஞ்சிப் பெண்களைச் சேர்த்தார். ஷாலினி தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இன்று அவள்தான் கேப்டன். சௌமியா கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பனைமரத்தோடு தோளுரசும் உயரம். அந்த உயரத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் ஓடினார்கள், அதே உயரத்துக்காகக் கல்பனா ஓடி வந்தார். இந்தப் பெண்கள் கையில் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்தது கல்பனாவால்தான்.

அணி பிரமாதமாக ஆடியது. லீக் ஆட்டங்களில் எப்போதும் முதலிடம். முதலிடத்துக்கு வருகிற அணி அரையிறுதியைச் சொந்த ஊரிலேயே ஆடலாம். ஆடினார்கள். தோற்றார்கள்.

முதல் வருஷம் தோற்றது நியாயமான தோல்வி. அரக்கோணத்துப் பெண்கள் அருமையாக ஆடினார்கள். கல்பனா முதலாளியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"அவங்க நல்லா ஆடுனாங்க சார். நம்ம பொண்ணுங்க ஃப்ரீ த்ரோ நெறைய விட்டுட்டாங்க. ஒரு சீசன் டைம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

இதில் என்ன குறை? குறை இதுதான்: மிகவும் சாதாரணமாக இருந்தது. இவ்வளவு செலவு செய்து தோற்றதற்கு, எதிரி நன்றாக ஆடினான் என்பது ஒரு காரணமா? மனுஷனுக்கு மரியாதையான காரணம் வேண்டாமா? துளசிங்கம் காரை எடுத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகைக்குப் போனார்.

அணியின் குரூப் போட்டோவுக்கு மேல் குண்டு சுற்றியது. சாமி கண்ணை மூடினார்.

"மலைக்குக் கீழ ஆடிகினு மலையக் கண்டுக்காம இருந்தா எப்டி நைனா? மேட்ச் அன்னிக்குக் காலைல எல்லாரும் வெறும் வயித்தோட படி ஏறி எறங்கணும். மேட்ச் முடியிற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. அப்பறம் எடது கால் ஷூக்குள்ள ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். நான் மந்திரிச்சுத் தரேன்."

"ஷூக்குள்ளயா சாமி?"

"ஆங். கால்லதான ஓடுறாங்க?"

துளசிங்கத்துக்கு இந்தத் தர்க்கம் பிடித்துவிட்டது.

அடுத்த வருஷ அரையிறுதி அன்று கல்பனா கையெடுத்துக் கும்பிட்டார். "சார், மலைக்கு இன்னொரு நாள் போலாம் சார். பட்டினியோட ஏறி எறங்கிட்டு அன்னிக்கே ஆடுனா கால் புடிச்சிக்கும்."

"உனுக்கு நம்பிக்கை இல்லம்மா. அதான் இந்த டீமுக்குக் கோளாறு" என்றார் துளசிங்கம்.

படி ஏறினார்கள், இறங்கினார்கள், பழத்தோடு ஷூ போட்டார்கள். பாதி ஆட்டம் வரை வேங்கைகள் முன்னணி. அதற்குமேல் வேங்கைகள் நொண்டின. ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்தது, இன்னொருத்திக்குக் கண் இருட்டியது. எலுமிச்சை ஷூவுக்குள்ளேயே ஜூஸாகிக் கொப்புளத்தில் எரிந்தது. எதிரணிப் பெண்கள் குளுக்கோஸ் குடித்துவிட்டு வந்து கூடை கூடையாகப் போட்டார்கள்.

துளசிங்கம் மறுபடியும் சாமியிடம் போனார். தோற்ற வைத்தியனிடமே மறுபடி மருந்து கேட்பது நம் பரம்பரைக் குணம்.

"பரிகாரம் பத்தல" என்றார் சாமி. ஏற்கெனவே சொன்ன பட்டினி, படி, பழம் எல்லாம் அப்படியே இருக்க, புதிதாகப் பூசணிக்காய் சேர்ந்தது. அடுத்த வருஷ அரையிறுதியில், ஆட்டம் தொடங்கும் முன், நம் கூடைக்கு நேர் கீழே ஒரு பெரிய பூசணிக்காயைச் சாமியே வந்து ஓங்கி உடைத்தார். குங்குமத் தண்ணீர் எகிறியது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ரெஃப்ரி கத்திய கத்தலில் இரண்டு பேர் ஓடிவந்து சாக்கால் துடைத்தார்கள். சாக்கு ஈரத்தை எடுக்காது, பரப்பும். அதைச் செவ்வனே செய்தது.

பந்து சௌமியாவிடம் வந்தது. எம்பினாள். இறங்கிய கால் பூசணி விதையில் வழுக்கிற்று. அவள் கணுக்கால் மடங்கிய சத்தம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கல்பனா ஓடிப்போய் அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, அந்தக் காலிலிருந்து ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு போயிற்று. அதைப் பார்த்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. அந்தப் பெண் வலியில் அழுதுகொண்டே, "அக்கா, மேட்ச்சு?" என்று கேட்டாள். மேட்ச் போயிற்று.

ஊர் கொதித்தது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், சென்னை போகிற லோக்கல் ரயிலில் எல்லாம் ஒரே கேள்வி. மூன்று வருஷமாக முதலிடம், மூன்று வருஷமாக அரையிறுதியில் மண். யாரைத் துரத்துவது? தரையில் பூசணியை உடைத்தவனைத் துரத்தலாம் என்று ஒரு வாய்க்கும் தோன்றவில்லை. துளசிங்கம் கொட்டகைக்குப் போனபோது சாமி பேச்சே எடுக்கவிடவில்லை. கண்ணை மூடி, ஒரே வார்த்தை சொன்னார்.

"கோச்சு."

"கோச்சா?"

"அந்த அம்மா பெஞ்சுல உக்காந்த எடத்துல சனி உக்காந்துகினு இருக்குது நைனா. என் பரிகாரம் எல்லாம் அங்கதான் அடிபட்டுப் போவுது. அவங்கள அனுப்பு. ராசியான ஆள் ஒருத்தரு நகரில கீறாரு. பேரு பிரேம்குமார். குண்டே காட்டிக் குடுத்துது."

ஞாயிற்றுக்கிழமை காலை கிடங்கில் வைபவம் என்று மைக் கட்டி அறிவித்தார்கள். பழைய கோச்சை எல்லார் முன்னாலும் அனுப்புவது, புதிய கோச்சுக்கு மாலை போடுவது. இப்படிப்பட்ட காரியங்களுக்கு நம் ஊரில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு வருவார்கள். ஒருத்தியை அவமானப்படுத்துகிறார்கள் என்றால் சாப்பிட்டுவிட்டே வந்துவிடுவார்கள்.

பிரேம்குமார் வெள்ளை ஷூ, வெள்ளை டீ-ஷர்ட், கழுத்தில் விசிலோடு வந்தார். நகரியில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் என்று பிற்பாடு தெரிந்தது. வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார்.

"பதினோரு பேருல மீதிப் பேரு எங்கம்மா?"

"சார், பேஸ்கட்பாலுக்கு அஞ்சு பேருதான் உள்ள எறங்கணும்" என்றாள் ஷாலினி.

"அப்டியா? கப்பு வரட்டும், ஆளச் சேத்துக்கலாம்" என்றார் புதிய கோச்.

சாமி எழுந்தார். சபையே பார்க்கக் கல்பனாவின் தலைக்கு மேல் குண்டைப் பிடித்தார். அது யோசித்தது. இடப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. கிரைண்டர் மாதிரி சுற்றியது. "ஆங்...!" என்று கூட்டம் மூச்சு விட்டது. அடுத்து பிரேம்குமாரின் தலைக்கு மேல் பிடித்தார். வலப்பக்கம் சுற்றியது. கைதட்டல், விசில். விசில் அடித்தது பிரேம்குமாரே.

கல்பனா எழுந்து நின்றார்.

"நான் போறேன் சார். தோத்தா கோச்ச அனுப்புறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். ஆனா ஆட்டத்துல இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லி அனுப்புங்க, கேட்டுக்கறேன். தலைக்கு மேல குண்டு சுத்துச்சுன்னு அனுப்புனா, நாளைக்கு எந்த ஊர்லயும் எனக்கு வேலை கெடைக்காது. சனி புடிச்சவன்னுதான் சொல்லுவாங்க." பெண்கள் நின்ற வரிசையைக் காட்டினார். "இன்னொண்ணு சார். நான் இல்லாட்டியும் மேட்ச் அன்னிக்குப் பொண்ணுங்களுக்குச் சாப்பாடு போடுங்க."

சௌமியா கட்டுப்போட்ட காலோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். துளசிங்கம் மாலையைக் கையில் எடுத்தார்.

"ந்தாங்க, இருங்க" என்று ஒரு குரல் வந்தது.

வள்ளியம்மாள். துளசிங்கம் சேலையை விற்பவர் என்று சொன்னேன். அதை நெய்ய வைப்பவர் வள்ளியம்மாள். அத்தனை தறியும் அவர் கண் அசைவில் ஓடுகிறது. மாதக் கிருத்திகை தவறாமல் மலைக்குப் போகிறவர்தான். ஆனால் மலைக்குப் போகும்போது மூளையைச் செருப்போடு சேர்த்துக் கீழே விட்டுப் போகிற வழக்கம் இல்லாதவர்.

"தறில நூல் அறுந்தா நாம இன்னா பண்றோம்? எங்க அறுந்துச்சுன்னு பாத்து முடிச்சுப் போடறோம். தறி ஓட்டுறவ ஜாதகத்தயா பாக்கறோம்?"

"ஏய் வள்ளி, சபைல நீ பேசாத."

"பேசல. சாமிகிட்ட ஒரே ஒரு சந்தேகம் கேட்டுகினு ஒக்காந்துடறேன்." சாமியைப் பார்த்துப் பயபக்தியாகக் கும்பிட்டார். "சாமி, இப்பச் சுத்துனது குண்டா, நீங்களா?"

"குண்டும்மா! நான் சும்மா புடிச்சுகினு நிக்கறேன், அவ்ளோதான்."

"ஆளப் பாத்துதான் அது சுத்துமா?"

"அதுக்குக் கண்ணே வாணாம். குவைத்துல கீறவனுக்கே சொல்லுச்சே, நீ வீடியோ பாக்கலியா?"

"பாத்தேன், பாத்தேன். அதான் கேக்கறேன். ஏய் ஷாலினி, அந்தச் சேலத் துணிய எடு."

கிடங்கின் மூலையில், தறியிலிருந்து இறங்கி இன்னும் ஒவ்வொன்றாக வெட்டாத சேலைத் துணி ஒரே நீளமாக மடித்துக் கிடந்தது. மாம்பழ மஞ்சள் நிறம், கெட்டி நெசவு. ஷாலினியும் மற்ற பெண்களும் அதைக் கூடைக் கம்பத்திலிருந்து ஜன்னல் கம்பி வரைக்கும் இழுத்து, ஆள் உயரத்துக்கு மறைப்பாகக் கட்டினார்கள். அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள் போட்டார்கள்.

"அதே ஆளுங்க, அதே குண்டு, அதே எடம். நடுவுல ஒரு சேல. அவ்ளோதான்" என்றார் வள்ளியம்மாள். "கல்பனா யாரு, ராசியான கோச்சு யாருன்னு குண்டு இன்னொரு வாட்டி சொல்லட்டும். சொல்லிட்டா நானே என் கையால மாலை போடறேன்."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. சாமிக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் குண்டை மடியில் செருகப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால் குவைத்தையே துளைத்தவர் ஒரு சேலைக்குப் பயப்பட முடியுமா? "தாராளமா" என்றார்.

"யாரு யாரு உள்ள போறாங்கன்னு பாக்கக்கூடாது. சாமி கொஞ்சம் சொவுத்தப் பாத்துகினு நில்லுங்க. பிரேம்குமார் தம்பி, நீங்க உள்ள போங்க. ந்தாங்க, நீங்களும் போங்க. எழுந்து போற சத்தம் கேக்காம இருக்கணும், பாட்டு வைங்கப்பா."

ஒலிபெருக்கி அலறியது. பெண்கள் ஆட்களை அழைத்துப் போனார்கள், வந்தார்கள். பாட்டு நின்றது. சாமி திரும்பினார். மஞ்சள் சேலை அசையாமல் நின்றது. அவர் முதல் நாற்காலிக்கு நேராகப் போய்க் குண்டைத் தொங்கவிட்டார். ஏதாவது இருமல் வருமா, செருமல் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. குண்டு மெல்ல இப்படியும் அப்படியும் ஆடியது.

"இது சும்மா ஆளு" என்றார் சாமி. "தோஷமும் இல்ல, ராசியும் இல்ல. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

இரண்டாவது நாற்காலி. குண்டு இடப்பக்கம் சுற்றியது. சாமிக்குத் தைரியம் வந்தது. இன்னும் வேகமாகச் சுற்றியது.

"அம்மாடியோவ்! இங்கதான் கீது! கப்பக் கெடுத்த சனி இங்கதான் உக்காந்துகினு இருக்குது. இந்த ஆளு இந்தக் கெடங்குல இருக்கற வரைக்கும் வெளங்காது. கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுங்க. இன்னிக்கே!"

மூன்றாவது நாற்காலி. குண்டு வலப்பக்கம் சுற்றிய சுற்றில் கயிறே முறுக்கிக்கொண்டது. சாமி கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இவருதான்! நான் சொன்ன ராசிக்காரரு இவருதான்! இன்னா அறிவு, இன்னா தேஜஸ்! இவரு கைலதான் கப்பு. எல்லாரும் கும்பிட்டுக்கோங்க!"

முன்வரிசையில் நாலைந்து பேர் கும்பிட்டே விட்டார்கள். வள்ளியம்மாள் ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை இழுத்தார். சேலை சரிந்தது.

முதல் நாற்காலியில், இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று என்று தீர்ப்பு வாங்கிய பிரேம்குமார் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நாற்காலியில், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட வேண்டியவராக, சாட்சாத் முதலாளி துளசிங்கம். மூன்றாவது நாற்காலியில் ஒரு பூசணிக்காய். அன்றைய வைபவத்தில் உடைப்பதற்காகச் சாமியே மந்திரித்துக் கொண்டு வந்தது. கழுத்து இல்லாததால் அதன் மேல் பிரேம்குமாரின் விசிலை வைத்திருந்தார்கள். கல்பனா சேலைக்குப் பின்னால் இல்லவே இல்லை. சாமியின் முதுகுக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக, இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தார்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. தகரக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் ஊரை விட்டே போய்விட்டன. சௌமியா துப்பட்டாவை விலக்கிவிட்டுக் கட்டுக்கால் குலுங்கச் சிரித்தாள்.

"இரு, இரு!" என்று சாமி கத்தினார். "சேலைலதான் கோளாறு! தறிவூட்டுச் சேல, கஞ்சி போட்டிருக்குது. கஞ்சி சக்திய மறைச்சுடும்!"

"குவைத்துக்கும் நமக்கும் நடுவுல கடலே கீது சாமி" என்றார் வள்ளியம்மாள். "கடலு மறைக்கல, கஞ்சி மறைக்குதா?"

சாமிக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது. "குண்டு பொய் சொல்லாது! உண்மையிலயே தோஷம் முதலாளிக்குத்தான்!"

துளசிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. "இன்னாது, எனக்கா? நான் இன்னாய்யா பண்ணேன்? நான் பந்தத் தொட்டதே கெடையாது! காரணமே இல்லாம என்னப் போயி..."

அங்கேயே நின்றுவிட்டார். கல்பனா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் வள்ளியம்மாள். "கல்பனா கேட்டதும் அதத்தான. குண்டு சொன்னா அனுப்பணும்னு நீங்க போட்ட சட்டம். உங்களுக்கு மாலை போட்டு அனுப்பவா, சும்மா அனுப்பவா?"

பிறகு அந்த அம்மாள் சாமியின் கையிலிருந்து கயிற்றைப் பக்குவமாக வாங்கி, ஷாலினியிடம் கொடுத்தார். அவள் ஸ்டூல் மேல் ஏறி அதைக் கூடை வளையத்தில் கட்டிவிட்டு இறங்கினாள். கல்பனாவை அதன் கீழே நிறுத்தினார்கள். குண்டு சுற்றவில்லை. பிரேம்குமாரை நிறுத்தினார்கள். சுற்றவில்லை. துளசிங்கம், பூசணிக்காய், ஊர்ப் பெரிய மனிதர்கள், ஒரு போலீஸ்காரர், எல்லாரும் நின்று பார்த்தார்கள். கொத்தனார் தொங்கவிட்டால் எப்படி நிற்குமோ அப்படி நேராக, ஆடாமல் அசையாமல் நின்றது. அதற்காகத்தானே அதைச் செய்தார்கள்.

"சாமி கைய எடுத்ததும் சக்தி தூங்கிப்போச்சுப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

குண்டுச் சாமி வாசலைப் பார்த்தார். "பாவா, ஆட்டோவப் புடி!" என்று அலறினார். பிரேம்குமார் தலை தெறிக்க ஓடினார். அந்தத் தரையில் புதிய கோச் ஓடியது அது ஒன்றுதான். பாவா என்றால் அக்கா புருஷன் என்பது எங்கள் எல்லை ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். குண்டு ஏன் நகரி வரைக்கும் போய் ஆள் காட்டியது என்பது அப்போதுதான் சபைக்கு விளங்கிற்று. ஷேர் ஆட்டோக்காரர் கே.ஜி.கண்டிகையில் நிறுத்தவா என்று கேட்டாராம். நிறுத்தாமல் ஆந்திராவுக்குப் போகச் சொன்னார்களாம்.

துளசிங்கம் மாலையைச் சுருட்டிக் காலி நாற்காலியில் வைத்தார். கடைசியில் கல்பனாவிடம் வந்தார்.

"தப்புதாம்மா. உன் மேல இல்ல, என் மேல. அந்தப் பொண்ணு கால் ஒடஞ்சதும் என்னாலதான். நீ இரும்மா. வாயத் தொறந்து கேளு, இன்னா வேணும்?"

"காலைல இட்லி வேணும் சார்" என்றார் கல்பனா. "ஷூக்குள்ள கால் மட்டும் இருக்கணும். தரைல யாரும் எதையும் ஒடைக்கக் கூடாது."

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மக்கள் திருந்திவிட்டார்கள் என்று எழுதி நானும் கிளம்பியிருப்பேன். அடுத்த வருஷ அரையிறுதி அன்று கிடங்கு வாசலில் ஒரு வரிசையைப் பார்த்தேன். டிக்கெட் வரிசை என்று நினைத்தேன். கையில் எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரத்தோடு நிற்கிறார்கள். எதற்கு? அந்த மஞ்சள் சேலையைத் தரிசிக்க!

"குண்டுச் சாமியோட சக்தியவே மறைச்ச சேல சார் அது" என்றார் ஒருவர் என்னிடம், கண்கள் மின்ன. போன வருஷம் பூசணிக்காயைக் கும்பிட்டவர்தான். "அதுல ஒரு நூல் கெடைச்சா கைல கட்டிக்கலாம்னு வந்தோம். என் மச்சினன் ஒரு நூலு குவைத்துக்கு அனுப்பச் சொல்லிகினு இருக்கான்."

விஷயம் உள்ளே போயிற்று. துளசிங்கத்தின் முகத்தில் ஒரு வியாபாரக் களை வந்ததை நான் பார்த்தேன். வள்ளியம்மாளும் பார்த்தார். ஒரு கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சேலைத் துணியைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து, நான்காக மடித்துத் தைத்து, கம்பில் கட்டித் தரை துடைப்பான் ஆக்கினார். வரிசை அலறியது. வேர்வை சிந்தும் இடமெல்லாம் பெண்கள் அதைக்கொண்டு துடைத்தார்கள். கெட்டி நெசவு, ஒரு சொட்டு ஈரம் விடாமல் ஒத்தி எடுத்தது. அந்தச் சேலைக்கு இருந்த ஒரே சக்தி அதுதான். அன்றைக்கு இட்லி சாப்பிட்ட பெண்கள் உலர்ந்த தரையில் பறந்தார்கள். கால் தேறி வந்த சௌமியா எம்பினாள், போட்டாள், வழுக்காமல் இறங்கினாள். அரையிறுதியை ஜெயித்தார்கள்! தொண்டை கட்டுகிற அளவுக்கு நானும் கத்தினேன்.

இறுதிப் போட்டியில் சித்தூர்க்காரிகளிடம் தோற்றார்கள். மயிரிழைதான், ஆனாலும் தோல்வி தோல்விதான். ஆட்டம் முடிந்த கையோடு அதே மனிதர் கல்பனாவிடம் ஓடிவந்தார்.

"பாத்தீங்களா மேடம்? நான் அப்பவே சொன்னேன். சேலயக் கிழிச்சதாலதான் தோத்தோம்."

"இல்லீங்க. அவங்க நல்லா ஆடுனாங்க" என்றார் கல்பனா.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அந்த மனிதர் நம்பவில்லை. மரியாதையான காரணம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டே வெளியே போனார். புத்தூர்ப் பக்கம் புதிதாக ஒருவர் தேங்காயை உருட்டிப் பார்த்துச் சொல்கிறாராம்.

ஐயா, ஆட்டம் இல்லாத நாட்களில் கூடை வளையத்தில் அந்தப் பித்தளைக் குண்டு இன்னும் தொங்குகிறது, வந்து பாருங்கள். யாரும் பிடிக்காதவரை அது நேராகத்தான் நிற்கிறது. உங்கள் கழுத்துக்கு மேலே இருப்பதும் அப்படித்தான். அதன் கயிற்றை எவன் கையிலும் கொடுக்காதீர்கள்.